தேறிக்கொண்டே இருப்போம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



இந்த வருஷம் விழாவுக்கு 'விடாமுயற்சி' என்று தலைப்பு வைத்திருக்கிறார்கள். அவரவர் பின்பற்றுகிற வழியில் விடாமுயற்சியைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று ஒவ்வொருத்தராகப் பேசச் சொன்னார்கள். எனக்கு முன்னாடி பேசின அக்கா ரம்ஜான் நோன்பைப் பற்றிச் சொன்னாங்க. அதுக்கு முன்னாடி பேசினவங்க ஆடி மாசக் கூழ் ஊத்துறதையும் நேர்த்திக்கடனையும் பற்றிச் சொன்னாங்க. கிறிஸ்தவ விசுவாசத்தில் எப்படி நிலைத்து நிற்கிறது என்று நான் பேசணும். எனக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியாது. நம்ம குழுக் கூட்டத்தில் பேசுற மாதிரியே பேசுறேன்.

கோயிலுக்குப் போறதை ஒருத்தங்க ஏன் நிறுத்துறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. ஜெபம் பண்றதை ஏன் விட்டுடுறாங்க? கடவுள் இல்லைன்னு முடிவு பண்ணி விடுறவங்க நம்ம பக்கத்தில் ரொம்பக் கம்மி. நான் பார்த்த வரைக்கும் ரெண்டு காரணம்தான். ஒண்ணு, "நான் அந்த அளவுக்கு நல்லவள் இல்லை, எனக்குத் தகுதி இல்லை" என்கிறது. இன்னொண்ணு, "இவ்வளவு வேண்டியும் ஒண்ணும் நடக்கலை, இனி எதுக்கு" என்கிறது. முதலாவது, முழுமையாக இருக்கணும் என்ற ஆசையிலிருந்து வருது. ரெண்டாவது, நாம எதைப் பார்க்கிறோம், எங்கே நின்னு பார்க்கிறோம் என்பதிலிருந்து வருது. இந்த ரெண்டையும் பற்றித்தான் பேசப்போறேன்.

முதலில் ஒரு வார்த்தை. பவுல் என்று ஒரு அப்போஸ்தலர் இருந்தார். முதலில் கிறிஸ்தவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டவர். பிறகு அவரே கிறிஸ்துவுக்காகச் சிறைக்குப் போனார். அந்தச் சிறையில் இருந்துகொண்டு பிலிப்பி என்ற ஊரில் இருந்த சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் மூன்றாம் அதிகாரத்தில், தான் இன்னும் முழுசாகத் தேறிவிடவில்லை, ஆனால் தொடர்ந்து ஓடுகிறேன் என்கிற கருத்தில் எழுதியிருக்கிறார். நம்ம தமிழ் வேதாகமத்தில் அங்கே வருகிற வார்த்தை 'தேறுதல்'.

இந்த வார்த்தையை நாம எங்கெல்லாம் சொல்றோம்? பிள்ளை பரீட்சையில் தேறிட்டான் என்கிறோம். காய்ச்சலில் படுத்தவங்க எழுந்து கஞ்சி குடிச்சா, "உடம்பு தேறி வருது" என்கிறோம். சாவு வீட்டுக்குப் போனால் அழுகிறவங்களைத் தேற்றுகிறோம். அவங்களும் கொஞ்ச நாளில் மனசு தேறி வேலைக்கு வர்றாங்க. பரீட்சைக்கும் காய்ச்சலுக்கும் துக்கத்துக்கும் ஒரே வார்த்தைதான். இதில் எதுவும் ஒரே நாளில் நடக்கிறது இல்லை. உடம்பு தேறுகிறவங்களைப் பார்த்து, "நீ ஏன் இன்னும் ஓடலை, அப்போ உனக்கு மருந்தே வேண்டாம்" என்று யாராவது சொல்வோமா? மாட்டோம். ஆனால் விசுவாச விஷயத்தில் நம்மளை நாமே அப்படித்தான் சொல்லிக்கிறோம். "எனக்குக் கோபம் இன்னும் போகலை, அதனால நான் ஜெபம் பண்ணி என்ன பிரயோஜனம்" என்கிறோம். நோய் இன்னும் இருக்கு, அதனால ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்கிற கணக்குதான் இது.

பவுல் அந்தக் கடிதத்தில் இன்னொரு விஷயம் செய்கிறார். தான் இன்னும் தேறவில்லை என்று எழுதினவர், அடுத்த ரெண்டு மூணு வசனத்திலேயே, நம்மில் தேறினவர்கள் எல்லாரும் இதே சிந்தையாக இருக்கணும் என்கிற மாதிரி எழுதுகிறார். முதலில் படிக்கும்போது குழப்பமாக இருக்கும். தேறலை என்கிறாரா, தேறினவர்களில் தன்னையும் சேர்த்துக்கிறாரா? நான் புரிந்துகொண்டது இதுதான். நான் இன்னும் முடிக்கலை, இன்னும் போக வேண்டியது இருக்கு என்று தெரிந்து நடக்கிறவங்கதான் தேறினவங்க. எல்லாம் முடிச்சிட்டேன் என்கிறவங்க நின்னுடுவாங்க. என்னால முடியவே முடியாது என்கிறவங்களும் நின்னுடுவாங்க. நடுவில் இருக்கிறவங்கதான் நடந்துகிட்டே இருப்பாங்க.

அடுத்தது பார்வை. பழைய ஏற்பாட்டில் எலியா என்று ஒரு தீர்க்கதரிசி. கர்மேல் மலையில் ராஜா முன்னாடியே பெரிய காரியம் செய்தவர். அதற்கு அடுத்தாற்போல ராணி, உன்னைக் கொல்லப்போகிறேன் என்று ஆள் அனுப்பினாள். அவ்வளவு பெரிய ஆள் பயந்து, வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடிக்குக் கீழே உட்கார்ந்து, இனி நான் செத்தால் போதும் என்று கேட்டார். நம்மில் எத்தனை பேர் அடுப்படியில் நின்னு இதையே நினைச்சிருப்போம்!

அப்போ கடவுள் அவரைத் திட்டலை. உனக்கு விசுவாசம் பத்தாது என்று சொல்லலை. அவர் தூங்கினார். தேவதூதன் எழுப்பினான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தது. சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். ரெண்டாவது தரமும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். அதற்குப் பிறகுதான் பயணம், அதற்குப் பிறகுதான் பேச்சு. சகோதரிகளே, இதைக் கவனியுங்க. எல்லாரும் சாப்பிட்ட பிறகு பாத்திரத்தில் மிச்சம் இருப்பதைச் சாப்பிட்டு, பதினோரு மணிக்குப் படுத்து, நாலு மணிக்குத் தண்ணி பிடிக்க எழுகிற ஒரு பெண்ணுக்கு, எல்லாமே இருட்டாகத் தெரிந்தால், அது விசுவாசக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. முதலில் சாப்பாடு, தூக்கம். ரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்தவங்களுக்கு உலகமே சோர்வாகத்தான் தெரியும். கிராமச் செவிலியர் கொடுக்கிற மாத்திரையைச் சாப்பிடுவதும் பக்தியில் சேர்ந்ததுதான்.

எலியா கடைசியில் மனசில் இருந்ததைச் சொன்னார். நான் ஒருத்தன்தான் மீதி என்றார். அதற்குக் கடவுள் சொன்ன பதிலில் ஒரு எண்ணிக்கை இருக்கு: 7,000 பேர். பாகாலுக்கு முன் முழங்கால் மடக்காத 7,000 பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று சொன்னார். ஒன்று எங்கே, 7,000 எங்கே! அவர் பொய் சொல்லலை. செடிக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தால் ஒருத்தர்தான் தெரிவார். பார்வை என்கிறது அதுதான். தனியா உட்கார்ந்து எண்ணினால் கணக்கு தப்பாகத்தான் வரும். அதனால்தான் கிறிஸ்தவ விசுவாசத்தில் சபை கூடி வருவதை விடாதீர்கள் என்று சொல்லியிருக்கு. நம்ம குழுவிலும் அதே கதைதானே? வீட்டில் உட்கார்ந்து யோசிச்சா, கடன் எனக்கு மட்டும்தான், குடிகாரப் புருஷன் எனக்கு மட்டும்தான் என்று தோணும். வாராந்திரக் கூட்டத்தில் வட்டமா உட்கார்ந்தால்தான், பன்னிரண்டு பேரில் ஆறு பேருக்கு இதே கதை என்று தெரியும்.

இப்போ நம்ம ஜில்லாவுக்கு வருவோம். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போகாத குடும்பம் இங்கே இருக்காது. அதைத் தொடங்கின ஐடா ஸ்கடர் அம்மையாரை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க. அவங்க வாழ்க்கையில் இந்த ரெண்டு விஷயமும், பார்வையும் முழுமைக்கான ஆசையும், நல்லாத் தெரியும்.

அவங்க 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவங்க. அமெரிக்க மிஷனரிக் குடும்பம். தாத்தா, அப்பா எல்லாரும் மிஷனரி டாக்டர்கள். ஆனால் அந்தப் பொண்ணுக்கு இந்த வேலையே பிடிக்கலை. சின்ன வயசில் பஞ்சத்தையும் பசியையும் கண்ணால் பார்த்தவங்க. அமெரிக்காவில் படிச்சு அங்கேயே நல்லபடியா வாழணும் என்றுதான் நினைச்சாங்க. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தாங்க. அங்கே ஒரு ராத்திரி, ஒருத்தருக்குப் பின் ஒருத்தராக மூணு பேர் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருத்தர் பிராமணர், ஒருத்தர் முஸ்லிம், இன்னொருத்தர் வேறொரு சாதி இந்து. மூணு பேர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவக் கஷ்டம். அப்பா டாக்டர் இருக்கிறாரே, அவர் வரட்டும் என்று இவங்க சொன்னாங்க. ஆம்பிளை வந்து பார்க்கக்கூடாது, பெண்தான் வரணும் என்று அவங்க சொன்னாங்க. இந்தப் பொண்ணுக்கு வைத்தியம் தெரியாது. காலையில் பார்த்தால் மூணு பெண்களும் இறந்துட்டாங்க.

அந்த இடத்தில் ரெண்டு விதமாப் பார்த்திருக்கலாம். "இது இவங்க வழக்கம், நான் என்ன செய்ய முடியும்" என்று கப்பல் ஏறியிருக்கலாம். அவங்க அந்த மூணு சாவையும் தனக்கு வந்த அழைப்பாகப் பார்த்தாங்க. அமெரிக்காவுக்குப் போய் டாக்டருக்குப் படிச்சு, 1899-ல் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூருக்குத் திரும்பினாங்க. வந்த சில மாசத்திலேயே அப்பா இறந்துட்டார். அவர் பக்கத்தில் இருந்து கத்துக்கலாம் என்று வந்தவங்களுக்குத் தனியா நிற்க வேண்டியதாப் போச்சு. ஒரே ஒரு கட்டில் போட்ட வைத்தியசாலையில் தொடங்கினாங்க. 1902-ல் 40 கட்டில் உள்ள ஆஸ்பத்திரி திறந்தாங்க. அதுதான் பிறகு நாம கண்ணு காட்டப் போற ஷெல் ஆஸ்பத்திரி ஆச்சு. முதலில் மாட்டு வண்டியிலும், பிறகு காரிலும் குடியாத்தம் ரோடு பக்கம் போய், மரத்தடியில் உட்கார்ந்து வைத்தியம் பார்த்தாங்க.

இங்கே முழுமைக்கான ஆசையைப் பாருங்க. ஒரு கட்டில் போதாதுதான். மரத்தடியில் வைத்தியம் பார்ப்பது சரியான முறை இல்லைதான். "முழுசா வசதி வந்த பிறகு தொடங்கலாம்" என்று அவங்க காத்திருக்கலை. அதே சமயம், "ஏழைகளுக்கு இதுவே போதும்" என்று நின்னுடவும் இல்லை. 1909-ல் நர்ஸ் பயிற்சி தொடங்கினாங்க. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினாங்க. மூணு பேர் விண்ணப்பம் போட்டாலே அதிர்ஷ்டம் என்று அப்போதைய பெரிய அதிகாரி ஒருத்தர் சொல்லியிருந்தார். நூற்றைம்பதுக்கும் மேலே விண்ணப்பம் வந்தது. முதல் பரீட்சை எழுதின பெண்கள் எல்லாரும் தேறினாங்க. அந்த வருஷம் ஆண்கள் படிச்ச பள்ளிகளில் தேறினவங்க ரொம்பக் கம்மி.

அதோட கதை முடியலை. 1938 வாக்கில் அரசாங்கம் ஒரு முடிவு எடுத்தது. இந்த மாதிரிப் பள்ளிப் படிப்பு போதாது, டாக்டர் என்றால் எம்.பி.பி.எஸ். பட்டம் வேணும் என்றது. அதற்குக் கட்டில் அதிகம் வேணும், பரிசோதனைக்கூடம் வேணும், உயர்ந்த பட்டம் படிச்ச ஆசிரியர்கள் வேணும். இல்லைன்னா பள்ளியை மூட வேண்டியதுதான். அம்மையாருக்கு அப்போ வயசு எழுபதை நெருங்குது. நம்ம ஊரில் அந்த வயசில் திண்ணையில் உட்கார்ந்து வெத்திலை இடிப்பாங்க. நாற்பது வருஷம் உழைச்ச பிறகு, உன் வேலை தரம் பத்தாது என்று சொன்னால் யாருக்குமே மனசு விட்டுப் போகும். அவங்க, தரத்தை உயர்த்துவோம் என்று முடிவு பண்ணி, உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் அமெரிக்காவுக்குப் போய்ப் பணம் திரட்டினாங்க. 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1947-லிருந்து ஆண்களும் சேர்ந்தார்கள். அம்மையார் 1960-ல் கொடைக்கானலில் காலமானாங்க.

இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கிறது ஒண்ணுதான். "குறை இருக்கு" என்ற ஒரே செய்தியை ரெண்டு விதமாகக் கேட்கலாம். குறை இருக்கு, அதனால விட்டுடு என்று ஒரு காது கேட்கும். குறை இருக்கு, அதனால இன்னும் கொஞ்சம் செய் என்று ஒரு காது கேட்கும். விசுவாசத்தில் நிலைத்திருக்கிறது எந்தக் காதால் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நம்ம குழு நடைமுறையை வைத்தே சொல்றேன். பஞ்ச சூத்திரம் நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, தவறாத உள்கடன், தவறாத திருப்பிச் செலுத்துதல், தவறாத கணக்கு. அஞ்சிலும் 'தவறாத' என்று இருக்கு. ஆனால் ஒருத்தங்க மாடு செத்துப் போய் ஒரு மாசத் தவணை கட்ட முடியாமல் போனால், பேரை அடிச்சிடுறோமா? கூட்டத்துக்கு வாங்க, இருக்கிறதைக் கட்டுங்க, தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம், அடுத்த மாசம் சேர்த்துக் கட்டலாம் என்கிறோம். நமக்குப் பயம் யாரைப் பற்றி? தவணை தவறினவங்களைப் பற்றி இல்லை. தவணை தவறின வெட்கத்தில் கூட்டத்துக்கே வராமல் போறவங்களைப் பற்றித்தான். அவங்க கடன்தான் வாராக்கடன் ஆகுது.

எங்க சபையிலும் அப்படி ஒரு அக்கா இருக்காங்க. நாத்தனாரோடு நிலத் தகராறு. பேச்சுவார்த்தை இல்லை. மனசில் கசப்பு இருக்கும்போது திருவிருந்து எடுக்கக்கூடாது என்று ஒதுங்கினாங்க. அது நல்ல மனசாட்சிதான். அதை நான் குறை சொல்லலை. பலிபீடத்துக்கு முன்னாடி காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசுவே சொல்லியிருக்கார். ஆனால் அங்கே அவர் சொன்னது, போய் ஒப்புரவாகித் திரும்பி வா என்று. திரும்பி வரணும் என்பதுதான் முக்கியம். இந்த அக்கா திரும்பி வரலை. முதலில் திருவிருந்து நின்னது, பிறகு ஆராதனை, பிறகு பெண்கள் ஐக்கிய சங்கம், கடைசியில் நம்ம குழுக் கூட்டமும். "என் மனசு முழுசா சுத்தமானதும் வர்றேன்" என்கிறாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு. வீட்டில் தனியா உட்கார்ந்திருக்கிறதால் கசப்பு கூடுதே தவிரக் குறையலை. முழுமை வேணும் என்ற ஆசையே அவங்களை முழுமையிலிருந்து தூரமாக்கிடுச்சு. போன மாசம் ஆயர் அம்மாவும் நானும் போய்ப் பார்த்தோம். நாங்க உபதேசம் எதுவும் பண்ணலை. காபி குடிச்சோம். "சுத்தமாகி வராதீங்க, வந்து சுத்தமாகலாம்" என்று மட்டும் சொன்னோம். இன்னும் வரலை. மறுபடியும் போவோம்.

இதை வேறு பக்கமும் தப்பாப் புரிஞ்சுக்கக்கூடாது. "கடவுள்தான் மன்னிப்பாரே, நான் எப்படி இருந்தால் என்ன" என்று சிலர் சொல்றாங்க. தவணை கட்டப் பணம் இருந்தும் கட்டாமல், குழு பார்த்துக்கும் என்கிற மாதிரி. அது விசுவாசம் இல்லை. பவுல் அடையலை என்று மட்டும் சொல்லலை, ஆசையாத் தொடர்ந்து ஓடுறேன் என்றும் சொன்னார். முழுமைக்கான ஆசை போயிட்டாலும் நாம நின்னுடுவோம். அந்த ஆசை நம்மைக் குட்டிக்கிட்டே இருக்கிற வாத்தியாரா இருக்கக்கூடாது. கையைப் பிடிச்சு நடத்துற அம்மாவா இருக்கணும்.

மார்த்தாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். வீட்டுக்கு இயேசு வந்தபோது சமையலில் ஓடி ஓடி வேலை செய்தவள். தங்கச்சி மரியாள் சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று புகார் சொன்னவள். நம்மைப் போன்ற பெண்களுக்கு அவள் மேல் ஒரு அனுதாபம் உண்டு. சமையல் யார் பண்றது? அவள் வேலை செய்ததைத் தப்பு என்று இயேசு சொல்லலை. பல காரியங்களில் கவலைப்பட்டுக் கலங்குகிறாளே என்றுதான் சொன்னார். அவள் கண் விருந்தாளி மேல் இல்லை, தங்கச்சி என்ன பண்றாள் என்பதில் இருந்தது. ஆனால் பலரும் மறந்துவிடுகிறது ஒன்று இருக்கு. பிறகு அவங்க அண்ணன் தம்பி உறவான லாசரு இறந்தபோது, ஊருக்கு வெளியே இயேசுவை எதிர்கொண்டு முதலில் போனவள் மார்த்தாள்தான். நீர் இங்கே இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காதே என்று வருத்தத்தை முகத்துக்கு நேராகச் சொன்னாள். அதே இடத்தில் அவரே கிறிஸ்து என்று நம்புவதாகவும் சொன்னாள். ஒரு நாள் கண்டிப்பு வாங்கினாள் என்று அவள் கோபித்துக்கொண்டு விலகிடலை. அவளும் தேறினாள்.

அக்கா தங்கச்சிமார்களே, எந்த வழியில் கும்பிடுகிறவங்களாக இருந்தாலும் உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது மூணு. உங்க குறையை நீங்களே தனியா உட்கார்ந்து எண்ணாதீங்க, நாலு பேரோடு உட்கார்ந்து பேசுங்க. சோர்ந்து போனால் முதலில் சாப்பிடுங்க, தூங்குங்க, பிறகு முடிவு எடுங்க. உங்க குழுவிலோ கோயிலிலோ மசூதித் தெருவிலோ வெட்கப்பட்டு ஒதுங்கின ஒருத்தங்க இருந்தால், இந்த வாரம் அவங்க வீட்டுப் படியேறிப் போங்க. அறிவுரை வேண்டாம். கூட உட்காருங்க, போதும்.

இன்னும் தேறலை என்று சொல்றதில் நமக்கு வெட்கம் வேண்டாம். தேறிக்கிட்டு இருக்கோம் என்று சொல்லுவோம்.